பாதங்களைப் பார்ப்பவர் யார்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு தாயும் அவருடைய மகளும் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்தனர். வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வந்தவர்கள் என்பதை அவர்கள் முகமே காட்டிற்று. மகளுக்கு வயது 26. நகரத்தில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பணி. தாயின் முறையீடு இதுதான்:

"சாமி, இவள் மாதந்தோறும் அழகு நிலையத்துக்குப் போய் 600 ரூபாய் கொடுத்துக் காலைக் கழுவிக்கொண்டு வருகிறாள். வீட்டில் தண்ணீர் இல்லையா, பீர்க்கங்காய் நார் இல்லையா, தேங்காய் எண்ணெய் இல்லையா? எங்கள் காலத்தில் நாங்கள் எல்லாம் கால் இல்லாமலா நடந்தோம்?"

மகள் தாழ்ந்த குரலில் மறுமொழி கூறினாள்: "சாமி, காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை நின்றே வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு மணி நேரம் என் காலை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தால் அது குற்றமா?"

தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "ஒரு மாதம் தவணை கொடுங்கள், விசாரித்து நம் இதழிலேயே எழுதுகிறேன்" என்றேன். அவர்கள் எழுந்தபோது நான் தாயிடம் ஒரு கேள்வி கேட்டேன். அக்கேள்வியையும் அதன் விளைவையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பாதத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. உடலின் பாரம் முழுவதையும் தாங்குவதற்கென்றே உள்ளங்காலின் தோல் மற்ற இடங்களைவிடத் தடித்திருக்கிறது. ஆனால் அத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையா. வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உண்டு. ஆகவே முகத்தைப்போல் பாதம் தன்னைத்தானே மெருகேற்றிக்கொள்ள இயலாது. நாம் நெய்ப்புத் தராவிட்டால் வறண்டுவிடும். வறண்ட தோல் தடிக்கும். தடித்த தோலின்மேல் உடற்பாரம் அழுந்தும்போது குதிகால் பிளக்கும். இதைத்தான் நாம் பித்தவெடிப்பு என்கிறோம். வெறுங்காலோடு நடப்பது, குதிகாலைத் தாங்காத தட்டைச் செருப்பை அணிவது, நெடுநேரம் நிற்பது, சோப்புத் தண்ணீரில் அடிக்கடி கால் நனைவது ஆகியன இதனைப் பெருக்குகின்றன.

அழகு நிலையத்தில் என்ன செய்கிறார்கள்? 'பெடிக்யூர்' என்னும் அப்பணியில், வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தோ சுரண்டியோ நீக்கி, நகத்தை வெட்டி, நகத்தின் அடியோரத்திலுள்ள மெல்லிய தோலை ஒதுக்கி, களிம்பு தடவிப் பிடித்துவிட்டு, விரும்புவோருக்கு நகச்சாயம் பூசுகிறார்கள். இவற்றுள் வீட்டில் செய்ய முடியாதது எதுவுமில்லை. பாதம் அன்று மெத்தென்றிருக்கும், களைப்பு நீங்கும். அது பொய்யன்று. ஆனால் வெடிப்புக்குக் காரணமான செருப்பும் வறட்சியும் மாறாதவரை, சில வாரங்களில் தோல் பழையபடி தடித்துவிடும். மாதத்தில் ஒருநாள் செய்யும் பெரும் பணியைவிட, நாள்தோறும் இரண்டு நிமிடம் செய்யும் சிறு பணியே பாதத்திற்கு அதிகப் பலன் தருகிறது.

ஆபத்தும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரே ஒரு நக அழகு நிலையத்திற்குச் சென்றுவந்த 100-க்கும் மேற்பட்டோருக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் தோன்றின. ஆராய்ந்தபோது, கால் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டிகளில், நீர் உட்செல்லும் வலைத்தட்டிக்குப் பின்னால், பலருடைய முடியும் தோல் துணுக்குகளும் சேர்ந்து கிடந்தன. அங்கே பெருகிய நுண்ணுயிரே நோய்க்குக் காரணமாயிற்று. அங்கே செல்லுமுன் காலில் சவரம் செய்துகொண்டவர்களுக்கே நோய் எளிதில் தொற்றியது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாயிலாயின.

ஆகவே அழகு நிலையத்திற்குச் செல்வோர் கூச்சமின்றிச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய தொட்டியைக் கழுவிக் கிருமிநாசினி இட்டபின்தான் அடுத்தவருக்குத் தருகிறார்களா? உலோகக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்கிறார்களா? சாதாரணத் தொட்டியில் தாமே கொண்டு செல்லும் நகவெட்டியையும் அரத்தையும் பயன்படுத்த ஒப்புக்கொள்வார்களா? குதிகாலைப் பிளேடால் சீவ வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அத்தகைய பிளேடுகளைக் கலிபோர்னியா மாநிலம் அழகு நிலையங்களில் தடை செய்திருக்கிறது. நகத்தின் அடியோரத் தோலை வெட்டவும் விடலாகாது. அது நகத்தின் வேருக்குக் கிருமி போகாமல் காக்கும் முத்திரை. சில வணிக வளாகங்களில் மீன்தொட்டிக்குள் காலை விட்டு, மீன்கள் தோலைக் கொத்தவிடும் வழக்கம் ஒன்று உண்டு. தொட்டியைக் கழுவலாம், மீனைக் கிருமி நீக்கம் செய்ய முடியுமா? 2011-ஆம் ஆண்டில் பிரிட்டனின் சுகாதாரத் துறை நிறுவனம் அதனை ஆராய்ந்து, பொதுவாக ஆபத்து மிகக் குறைவே எனினும், சர்க்கரை நோயாளிகளும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களும் அதனைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

இனி வீட்டு முறையைக் கூறுகிறேன். நோயில்லாத பாதமுடையோர் அனைவரும் இதனைச் செய்யலாம். வாரத்தில் ஒருநாள், வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வைத்திருங்கள். உப்பு வேண்டாம், அது வறட்சியைக் கூட்டும். பின்னர்ப் பீர்க்கங்காய் நாராலோ, கடையில் பியூமிஸ் என்ற பெயரில் விற்கும் நுரைக்கல்லாலோ குதிகாலை மெல்லத் தேயுங்கள். ஒரே நாளில் தோலையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்னும் அவசரம் ஆகாது. அளவுக்கு மீறித் தேய்த்தால் தோல் முன்னிலும் தடித்து வளரும். இரத்தம் கசியும் வெடிப்பைத் தேய்க்கவே கூடாது. விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைப்பது மிக முக்கியம். சேற்றுப்புண் தொடங்குவது அங்கேதான். நகத்தை நேர்க்கோடாக வெட்டுங்கள். ஓரங்களைக் குடைந்து வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து துன்பம் தரும். நாள்தோறும் இரவில் காலைக் கழுவி, ஈரம் முற்றிலும் உலருமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ குதிகாலில் தடவிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். வெளியில் செல்லும்போது குதிகாலைத் தாங்கும் செருப்பை அணியுங்கள். மூன்று வாரத்தில் குணம் தெரியாவிட்டால் தோல் மருத்துவரைக் காணுங்கள். பித்தவெடிப்புப் போல் தோன்றுவது சில வேளைகளில் பூஞ்சை நோயாகவோ சொரியாசிஸாகவோ இருக்கக்கூடும். இம்முறைக்கு ஆகும் செலவு, ஓர் எண்ணெய்ப் புட்டியும் ஒரு நுரைக்கல்லும் ஒரு நகவெட்டியுமே.

ஆனால் ஒரு சாராருக்கு அழகு நிலையமும் ஆகாது, வீட்டில் தாமே கல்லும் பிளேடும் கொண்டு தோலெடுப்பதும் ஆகாது. அவர்கள் சர்க்கரை நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. நம் கோயிலில் ஒரு வரிசையில் அமர்ந்திருப்போரை எண்ணினால், அவ்வரிசையிலும் ஒருவர் இருப்பார்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் ஆண்டுதோறும் பன்னிருவர் பாதங்களை நான் காண்கிறேன். அவர்கள் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவரின் காலைத் துவாலையால் துடைத்தபோது, அதில் கறை படிந்தது. உற்று நோக்கினேன். சுண்டுவிரலின் அடியில், பத்துப்பைசா நாணயம் அளவுக்கு ஒரு புண். "ஐயா, வலிக்கவில்லையா?" என்று மெல்லக் கேட்டேன். "எது சாமி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். தம் காலில் புண் இருப்பதையே அறியாதவர். மறுநாளே மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஒரு விரலை இழந்தார், காலைக் காத்துக்கொண்டார்.

வலியின்மை ஏன் இத்துணைக் கொடியது என்பதை உலகுக்குத் தெளிவுபடுத்தியவர்களுள் ஒருவர், நம் கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். 1946-ஆம் ஆண்டு வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளிடையே பணியாற்றினார். விரல்கள் தேய்ந்துபோவது நோய்க்கிருமி சதையைத் தின்பதால் அன்று. வலி உணர்வு அற்றுப்போனதால், சூடும் முள்ளும் உராய்வும் தெரியாமல் அவர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதால் என்று அவர் கண்டார். பாதத்தின் பாரத்தைப் பரப்பித் தாங்கும் மென்மையான நுண்துளை இரப்பர் மிதியடிகளை அவரும் அவருடன் உழைத்தோரும் உருவாக்கினர். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றுகையில், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். இன்று மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு 'எம்.சி.ஆர். செருப்பு' என்று எழுதிக் கொடுப்பது அந்த இரப்பரைத்தான்.

ஆதலின் சர்க்கரை நோய் உள்ளோர் காலை நீரில் ஊறவைக்க வேண்டாம். கழுவித் துடைத்தால் போதும். நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாமல், முழங்கையாலோ வீட்டிலுள்ள வேறொருவர் கையாலோ பார்க்க வேண்டும். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் மருந்துப் பட்டைகளை ஒட்டலாகாது. அவை தோலை அரித்துப் புண்ணாக்கும். செருப்பை அணியுமுன் உள்ளே கல்லோ ஆணியோ உள்ளதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். சித்திரை வெயிலில் கோயில் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் கண்டபின் அறிந்தோர் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்லும் அன்பர்களுள் இந்நோய் உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்டு, காலணி அணிந்தே செல்லுங்கள். நம் அன்னை அதற்காக வருந்த மாட்டார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது.

இப்போது திண்ணைக்குத் திரும்புவோம். அந்தத் தாயிடம் நான் கேட்டது இதுதான்: "அம்மா, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக?" "எட்டு வருடம் சாமி." "இந்த எட்டு ஆண்டுகளில் உங்கள் உள்ளங்காலைப் பார்த்தவர் யார்?"

அவர் பதில் சொல்லவில்லை. மகள் குனிந்து தாயின் குதிகாலைப் பார்த்தாள். ஆழமான வெடிப்புகள், ஒன்றில் உலர்ந்த இரத்தம். "அம்மா, இது எப்போதிருந்து?" என்றாள். தாய்க்கும் தெரியவில்லை. அந்த வாரமே மகள் விடுப்பு எடுத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். இரு பாதங்களிலும் உணர்ச்சி குறையத் தொடங்கியிருப்பதாகக் கண்டார்கள். புண் பெரிதாகுமுன் தெரிந்துகொண்டோம் என்பது ஆறுதல்.

ஆக, என் தீர்ப்பு இது. தாய் சொன்னதில் உண்மை உண்டு: நோயில்லாத பாதத்திற்கு வீடே போதும், மாதம் 600 ரூபாய் தேவையில்லை. மகள் சொன்னதிலும் உண்மை உண்டு: உழைத்த பாதத்தை இன்னொருவர் கையிலெடுத்துப் பார்ப்பது ஆடம்பரமன்று. நாள் முழுதும் நிற்கும் கடைப் பணியாளருக்கு அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2021-ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. அந்த இருக்கையை அவள் தயங்காமல் கேட்கட்டும். திருமணம் போன்ற நாளில் தூய்மையான அழகு நிலையத்திற்கு ஒருமுறை சென்றால் அதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம். குனிய முடியாத முதியோருக்கும் கண் மங்கியோருக்கும் தம் காலைத் தாமே பார்க்க இயலாது. அவர்களில் நோயற்ற பாதமுடையோர்க்கு, வீட்டில் ஆளில்லாவிடில், அழகு நிலையமும் உதவியே.

ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போது? மகனுக்குத் தந்தையின் முகம் தெரியும், குரல் தெரியும், உள்ளங்கால் தெரியாது. பெற்றோரே, பிள்ளைகள் பார்க்கக் கேட்டால் காலை இழுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளே, அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

இப்போது அவ்வீட்டில் சனிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்ததும், மகள் தாயின் காலைக் கழுவித் துடைத்து, விளக்கடியில் வைத்துப் பார்க்கிறாளாம். பின்னர்த் தாய், மகளின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பிடித்துவிடுகிறாராம். மிச்சமாகும் 600 ரூபாயில் முதல் மாதம் தாய்க்கு நல்ல செருப்பு வாங்கினார்கள். சென்ற ஞாயிறு அதனைக் கோயில் வாசலில் கழற்றப் போனவரை, "கழற்றாதீர்கள் அம்மா, அப்படியே உள்ளே வாருங்கள்" என்று அழைத்தேன்.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் ஒருவர் மற்றவரின் பாதத்தைப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.