தாட்சண்யம் வாசலோடு நிற்கட்டும்

புதிதாக எதைத் தொடங்கினாலும் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்புவது திருவனந்தபுரத்துக்காரர்களின் வழக்கம். தேர்தல் பணிக்கு உத்தரவு வாங்கிய ஆசிரியரும் குமாஸ்தாவும் இதற்கு விலக்கல்ல. இயந்திரம் மக்கர் செய்யக் கூடாது, சாயங்காலம் கணக்கு உதைக்கக் கூடாது என்பதே அவர்களுடைய வேண்டுதலாக இருக்கும். ஆனால் கேரளத்தின் அண்மைக்காலத் தேர்தல்களைப் பார்த்தால், பெரிய விக்கினம் இயந்திரத்திலிருந்து வரவில்லை. தெரிந்த முகத்திலிருந்து வந்திருக்கிறது. "நம்ம ஆளுதான் சார், விட்டுருங்க" என்று ஒருவர் சொல்கிறார். "முடியாது" என்று பதில் சொல்ல அலுவலருக்கு நாக்கு எழுவதில்லை.

2019 மக்களவைத் தேர்தலில் காசர்கோடு தொகுதியின் பிலாத்தறைப் பள்ளிக்கூடச் சாவடியில் நடந்ததை நேரலைக் கேமரா பதிவு செய்திருந்தது. ஒருவர் ஓட்டை இன்னொருவர் போடும் காட்சிகள் வெளியாயின. "அது ஓப்பன் வோட்டு" என்று சமாதானம் சொல்லப்பட்டது. வடகேரளத்தில் எல்லோர் வாயிலும் புழங்கும் அந்தச் சொல் மக்களவைத் தேர்தல் விதிகளில் எங்கும் இல்லை. பார்வையற்றவருக்கும் உடல் நலிந்தவருக்கும் துணையாக ஒருவர் வரலாம்; அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; அன்று ஒரே ஒரு வாக்காளருக்கு மட்டுமே அவர் துணை நிற்கலாம்; ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விதி சொல்வது இவ்வளவுதான். துணை தேவையா என்று பார்த்து அனுமதிக்கும் பொறுப்பு வாக்குச்சாவடித் தலைமை அலுவலருடையது. அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசவில்லை. காசர்கோடு, கண்ணூர் தொகுதிகளில் ஏழு சாவடிகளுக்கு அந்த ஆண்டு மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டி வந்தது.

ஐந்தாண்டு கழித்து அதே வட்டாரத்தில், கல்யாசேரியில், 92 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டுக்கே வாக்குப்பதிவுக் குழு சென்றது. 85 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்ற நல்ல ஏற்பாட்டின்படி நடந்த வருகை அது. அங்கே உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் மூதாட்டியின் ஓட்டைப் போட்டதாக வீடியோ வெளியானது. வாக்குப்பதிவு அலுவலர், உதவியாளர், நுண்பார்வையாளர், காவலர், வீடியோ எடுத்தவர் என ஐந்து பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தடுப்பதற்கென்றே அனுப்பப்பட்ட அத்தனை பேரும் அந்த அறையில் இருந்தார்கள். "தள்ளி நில்லுங்கள்" என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

இந்த இரண்டு இடங்களிலும் அலுவலர்கள் காசு வாங்கியதாகப் புகார் இல்லை. அவர்களைத் தடுத்தது தாட்சண்யம். நாளைக்கும் இதே ஊரில் நடமாட வேண்டுமே, பெரியவரைப் பகைக்கலாமா, ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்ற எண்ணங்களின் மொத்தப் பெயர் அது. வாக்குப்பதிவு அலுவலருக்கு வேண்டிய முதல் குணம் முகத்துக்கு நேரே, குரல் உயர்த்தாமல், மறுக்கத் தெரிவது என்பதே நம் நிலை. நேர்மையானவர் என்று ஊரில் பெயரெடுத்தவரிடம்கூட இந்த ஒன்று இல்லாமல் போகலாம்.

ஒரு ஓட்டில் என்ன ஆகும்? திருவனந்தபுரம் மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. 2024இல் ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 684 ஓட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள் உள்ள தொகுதி அது. சாவடிக்கு ஒரு ஓட்டுக்கூடத் தேறாது. பழவங்காடி அடங்கிய திருவனந்தபுரம் தொகுதியின் வித்தியாசம் 16,077. அதையும் சாவடிகளுக்குப் பங்கு வைத்தால் தலைக்குப் பதினாறுகூட வராது. ஒவ்வொரு சாவடியிலும் ஒரு கை தாட்சண்யம் என்றால் தீர்ப்பே இடம் மாறிவிடும்.

மறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. சிறு வேலையையும் முழுதாகச் செய்யும் கவனம் வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் பெரிந்தல்மண்ணையில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே 38 ஓட்டுதான். அங்கே 348 தபால் ஓட்டுகள் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டன. உறைகளில் கையெழுத்து, வரிசை எண் போன்ற விவரங்களில் இருந்த குறைகளே காரணம். அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை முதியவர்களின் வீடு தேடிப் போய் வாங்கியவை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஜனவரியில், ஓட்டுகள் வைத்த பெட்டி ஒன்று கருவூலத்திலிருந்து காணாமல் போய் மலப்புறத்தில் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் அகப்பட்டது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் வெற்றியை உறுதி செய்தது. சட்டப்படி விஷயம் முடிந்தது. தன் ஓட்டு எண்ணப்படாமலே போன பாட்டிக்கு யார் பதில் சொல்வது?

கேரளத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே அரசு ஊழியர் சங்கங்களுக்குக் கட்சி நிறம் வெளிப்படையானது. இடதுசாரிகளுக்கு என்ஜிஓ யூனியன், காங்கிரசுக்கு என்ஜிஓ அசோசியேஷன், பாஜகவுக்கு என்ஜிஓ சங்கம். சங்கத்தில் சேர்வது உரிமை; அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, தேர்தல் அறிவிக்கை வெளியான நாள் முதல் முடிவு அறிவிக்கும்வரை அந்த ஊழியர் தேர்தல் ஆணையத்துக்கு அயல்பணியில் அனுப்பப்பட்டவர். 129ஆம் பிரிவு அவர் எந்த வேட்பாளருக்கும் சாதகமாக நடப்பதைத் தடுக்கிறது. நிறத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வர முடியாதவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சண்டிகர் காட்டியது. 2024 ஜனவரி 30 அன்று மேயர் தேர்தலை நடத்திய அனில் மசி, கேமரா முன்னாலேயே எட்டு வாக்குச்சீட்டுகளில் கிறுக்கி அவற்றைச் செல்லாதவை ஆக்கினார். அவர் பாஜகவைச் சேர்ந்தவர். மூன்றே வாரத்தில் உச்ச நீதிமன்றம் முடிவை ரத்து செய்து குல்தீப் குமாரை மேயர் என அறிவித்தது. எட்டுச் சீட்டுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

விதி விதி என்று நின்றால் தள்ளாத வயதுக்காரர்கள் ஓட்டுப் போடாமலே திரும்புவார்களே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கண்ணோட்டத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், கடமை கெடாமல் இரக்கம் காட்டுகிறவரைத்தான் அதில் உயர்த்துகிறார். பாட்டிக்கு நாற்காலி போடுவதும், தண்ணீர் கொடுப்பதும், வரிசையில் முன்னே விடுவதும் கண்ணோட்டம். சாலைக்கடைத் தெருவிலும் கரமனையிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு நடைமுறையைத் தமிழில் பொறுமையாக விளக்குவதும் அதுவே. அவர் விரலுக்குப் பதில் வேறு விரலை அனுமதிப்பது தாட்சண்யம். முதலாவது வாக்காளருக்குச் செய்வது, மற்றது பக்கத்தில் நிற்பவருக்குச் செய்வது. ஆள் யார் என்பதில் ஐயம் வந்தால், முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அங்கேயே விசாரித்து முடிவு செய்யலாம். தன் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டதாகச் சொல்லும் உண்மையான வாக்காளருக்குத் தனி வாக்குச்சீட்டு தரவும் விதி இருக்கிறது. இதைத் தெரிந்துவைக்காமல் அவரைத் திருப்பி அனுப்பும் அலுவலர், கள்ள ஓட்டுப் போட்டவரின் வேலையை முடித்துக் கொடுக்கிறார்.

குணத்தைக் கேட்கிற அரசு தன் கடமையையும் செய்ய வேண்டும். முதல் நாள் வெயிலில் வரிசையில் நின்று பெட்டி வாங்கி, பள்ளிக்கூடப் பெஞ்சில் படுத்து, காலை ஐந்தரைக்கு முகவர்கள் முன் ஐம்பது ஓட்டாவது போட்டு ஒத்திகை பார்த்து, அதை மறக்காமல் அழித்து, சாயங்காலம் 17சி படிவம் நிரப்பி, நள்ளிரவில் பெட்டியை ஒப்படைக்கும் மனிதரிடம் கடைசி மணி நேரத்தில் திடம் எங்கிருந்து வரும்? 2025 நவம்பரில் பையனூரில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தார் வாக்காளர் பட்டியல் திருத்தப் பணிச்சுமையைக் காரணம் சொன்னார்கள். மறுநாள் மாநிலமெங்கும் அலுவலர்கள் பணியைப் புறக்கணித்தார்கள். இந்தோனேசியாவில் 2019இல் ஒரே நாளில் ஐந்து தேர்தல்களை நடத்தியதில் களைப்பாலும் நோயாலும் எண்ணூறுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் இறந்தார்கள். அடுத்த தேர்தலில் அந்த நாடு பணியாளர்களுக்கு வயது வரம்பு வைத்தது. நாம் பாடம் கற்க அத்தனை சாவு தேவையில்லை.

எனவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஒன்று, பயிற்சி வகுப்பு இயந்திரத்தின் பொத்தான்களோடு முடியக் கூடாது. ஒருவர் அண்ணாச்சியாக வந்து வற்புறுத்த, இன்னொருவர் மறுத்துப் பழகட்டும்; கூச்சம் அங்கேயே போகட்டும். இரண்டு, வீட்டு வாக்குப்பதிவுக் குழுவில் எவரும் அந்தச் சட்டமன்றத் தொகுதியில் வசிப்பவராக இருக்கக் கூடாது. மூன்று, மறுத்ததால் மிரட்டப்பட்டேன் என்று தலைமை அலுவலர் தன் டைரியில் எழுதினால், வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே மாவட்டத் தேர்தல் அதிகாரி அதைப் படித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். கடமை தவறியவருக்கு 134ஆம் பிரிவு விதிக்கும் அதிகபட்ச அபராதம் இன்றும் 500 ரூபாய். தவறியவரைத் தண்டிக்க அவ்வளவு மலிவான சட்டம் வைத்திருக்கும் நாடு, தவறாமல் நின்றவருக்குப் பக்கத்துணையாகவாவது நிற்க வேண்டாமா?

தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறவர் போகட்டும். சாவடி வாசலில் செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, தாட்சண்யத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழையட்டும். சாயங்காலம் பெட்டிக்கு முத்திரை வைத்த பிறகு எடுத்து மாட்டிக்கொள்ளலாம். அண்ணாச்சியும் அங்கேதான் இருப்பார்.