பகைவன் காத்த கோல்



பள்ளித் திடலில் பந்து விளையாடப் பிள்ளைகள் குழு பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோல் காவலராக நிற்க ஒருவனும் முன்வர மாட்டான். கடைசியில் கால் வலிக்காரன் எவனையாவது பிடித்து அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்துவார்கள். இங்கிலாந்துக் காற்பந்து உலகம் கொண்டாடிய பெர்ட் டிராட்மன் என்ற ஜெர்மானியர் கோல் காவலரானதும் ஏறக்குறைய அப்படித்தான். லங்காஷயரில், ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்ட் என்னும் ஊரிலிருந்த போர்க்கைதி முகாமில் அவர் வேறு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அடிபட்டது. கோல் காவலருடன் இடம் மாற்றிக்கொண்டார். அன்று முதல் அதுவே அவர் இடம்.

1923இல் பிரேமன் நகரில் பிறந்தவர். பெர்ண்ட் என்பது வீட்டார் அழைத்த பெயர். ஆங்கிலேயர் வாயில் அது நுழையாமல் பெர்ட் ஆயிற்று. பத்து வயதில் ஹிட்லரின் சிறுவர் இயக்கத்தில் சேர்ந்தார். பதினேழு வயதில் தாமாகவே படையில் சேர்ந்து, பாரசூட் வீரராக ருஷ்யப் போர்முனையில் போரிட்டார். இரும்புச் சிலுவைப் பதக்கமும் பெற்றார். உக்ரேனில் ஒரு காட்டில் மக்களைக் கூட்டமாகச் சுட்டுக் கொன்றதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே, அவரை ஒன்றும் அறியாத அப்பாவி என்று இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் மீது கோபப்பட்டவர்களுக்குக் காரணம் இருந்தது.

போர் முடியும் தறுவாயில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1948இல் ஊர் திரும்ப வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்று அங்கேயே தங்கிவிட்டார். வயலில் வேலை, வெடிக்காத குண்டுகளை அகற்றும் பிரிவில் வேலை, ஓய்வு நேரத்தில் செயிண்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் சிறு குழுவில் பந்து விளையாட்டு என்று காலம் போயிற்று. அவரைப் பார்க்கவே கூட்டம் கூடத் தொடங்கியது. 1949 அக்டோபரில் மென்செஸ்டர் சிட்டி அவரை ஒப்பந்தம் செய்தது.

ஊர் கொதித்தது. நாலு வருடத்திற்கு முன்புதான் போர் ஓய்ந்தது. மென்செஸ்டர் நகரமே ஜெர்மன் குண்டு வீச்சில் எரிந்த நகரம். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கண்டனக் கூட்டத்தில் திரண்டார்கள். பருவச் சீட்டு வாங்கியவர்கள் திடல் பக்கமே வரமாட்டோம் என்றார்கள். அந்நகரில் யூதர்களும் கணிசமாக வாழ்ந்தார்கள். அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

முதலில் பேசியவர் குழுத் தலைவர் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டிப் போரில் ஜெர்மானியரை எதிர்த்து நின்றவர் அவர். இந்த உடை மாற்றும் அறையில் போர் கிடையாது என்று சொல்லி டிராட்மனை வரவேற்றார். அடுத்து வந்தது ஒரு கடிதம். எழுதியவர் மென்செஸ்டரின் யூத சமய குரு அலெக்சாண்டர் ஆல்ட்மன். அவரும் ஜெர்மனியில் வாழ்ந்தவர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். ஜெர்மானியரால் யூதர்கள் பட்ட கொடுமை எவ்வளவு பெரிதானாலும், அந்தக் குற்றங்களில் தொடர்பில்லாத தனி மனிதர் ஒருவரை வெறுப்பால் தண்டிப்பது சரியாகாது. ஒவ்வொருவரையும் அவரவர் நடத்தையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். அது பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு மாதத்தில் எதிர்ப்பு அடங்கிவிட்டதாக டிராட்மன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிறகு யூத மக்களிடம் தாமே போய், 1930களில் ஜெர்மனியில் வளர்ந்தவர்களின் நிலையை எடுத்துச் சொல்லவும் முயன்றார்.

டிராட்மன் என்றால் உடைந்த கழுத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தக் கடிதம்தான் பெரிதாகப் படுகிறது. வலியைத் தாங்கும் ஆட்டக்காரர்கள் பலர் உண்டு. அந்தக் கடிதத்தை எழுதக்கூடிய நிலையில் இருந்தவர்கள் எத்தனை பேர்?

மென்செஸ்டர் அடங்கினாலும் லண்டன் அடங்கவில்லை. 1950 ஜனவரியில் ஃபுல்ஹம் திடலில் ரசிகர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அன்று அவர் தடுத்த பந்துகள் கொஞ்சமல்ல. சிட்டி ஒரே ஒரு கோலில்தான் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் இரு குழு ஆட்டக்காரர்களும் வரிசையாக நின்று கைதட்டி அவரை வெளியே அனுப்பினார்கள்.

ஆட்டத்திலும் புதுமை உடையவர். பிடித்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைப்பது அக்கால வழக்கம். டிராட்மனோ இளமையில் கைப்பந்து விளையாட்டில் தேறிய தோளால், தம் ஆளைப் பார்த்துப் பந்தை வீசுவார். தாக்குதல் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

1955 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் சிட்டி நியூகாசலிடம் தோற்றது. மறு ஆண்டு ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கோல் காவலர் அவரே. சில நாட்களில், 1956 மே 5ஆம் நாள், மீண்டும் வெம்பிளி. எதிரே பர்மிங்ஹம் சிட்டி. ஆட்டம் முடியக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தபோது, பந்தைப் பறிக்கப் பாய்ந்தவரின் கழுத்தில் பீட்டர் மர்ஃபியின் முழங்கால் மோதியது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அந்நாளில் இல்லை. தள்ளாடி எழுந்தார்; எதிரே எல்லாம் நிழலாட்டமாகத் தெரிந்தது. அந்த நிலையிலும் பந்துகளைத் தடுத்தார். சிட்டி 3-1 என்று வென்றது. கோணிய கழுத்தோடு பதக்கம் வாங்கினார். சில நாட்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது ஐந்து கழுத்தெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு அதன்மீது ஆப்புப்போல் இறுகியதால்தான் உயிர் தப்பியது.

அதே ஆண்டில் அவருடைய ஐந்து வயது மகன் கார் மோதி இறந்தான். அதைப்பற்றி அதிகம் எழுதக் கை ஓடவில்லை. டிசம்பரில் மீண்டும் திடலுக்கு வந்தார்.

சிட்டிக்காக மொத்தம் 545 ஆட்டங்கள். ஜெர்மன் தேசியக் குழுவுக்கு மட்டும் ஒரு தடவைகூட ஆடவில்லை. அயல்நாட்டில் ஆடுபவரைப் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் அழைக்கவில்லை. 1964 ஏப்ரலில் அவருக்காக நடந்த பிரிவு உபசார ஆட்டத்துக்கு, கணக்கில் வந்தவர்கள் மட்டும் 47,951 பேர். பிற்பாடு பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான் எனப் பல நாடுகளில் பயிற்சி கொடுத்தார். 2004இல் பிரிட்டன் அவருக்கு ஓ.பி.இ. விருது அளித்தது. 2013 ஜூலையில், 89ஆம் வயதில், ஸ்பெயின் நாட்டில் காலமானார்.