“நீங்க என்ன ஆளுங்க?” – வீடு தேடி அலைந்த 14 ஞாயிற்றுக்கிழமைகள்!

போன வாரம் புது ரேஷன் கார்டுக்கு அலைந்த கதையை எழுதி, “முகவரி என்ற இடத்தில் மாட்டிக்கொண்டோம்” என்று முடித்திருந்தேன். “அது என்ன முகவரிக் கதை? அதை முதல்ல எழுது” என்றார் எங்கள் டெஸ்க்கில் இருக்கும் சீனியர் அக்கா. எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது பதிவுத் திருமணம். என் அப்பா வரவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதங்கள் அவர் சிறுசேரியில் நண்பர்களோடு ஒரு ரூமில். நான் திருவல்லிக்கேணியில் லேடீஸ் ஹாஸ்டலில். சனிக்கிழமை மதியம் சந்தித்து, ஞாயிறு இரவு பஸ் ஸ்டாப்பில் பிரிவோம். “லவ் பண்ணும்போதும் இப்படித்தான், கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தான்னா எதுக்குடி தாலி?” என்று ஹாஸ்டல் தோழிகள் கிண்டல் செய்வார்கள்.

காரணம் ஒன்றுதான். அட்வான்ஸ்.

எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 62,000 ரூபாய். என் அலுவலகம் அண்ணா சாலையில், அவருடையது சிறுசேரி சிப்காட்டில். இரண்டுக்கும் நடுவில் என்றால் வேளச்சேரி, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம். அங்கே சுமாரான ஒரு சிங்கிள் பெட்ரூம் வீட்டுக்கு எங்களிடம் சொல்லப்பட்ட வாடகை 16,000 முதல் 20,000 வரை. 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத அட்வான்ஸ் 1,08,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. முதல் மாத வாடகை 18,000. ஆக, ஒரு டம்ளர்கூட வாங்குவதற்கு முன்னால் 1,44,000 ரூபாய் கையில் வேண்டும். அதைச் சேர்த்து முடித்தபோது பங்குனி முடிந்துவிட்டது. சித்திரையில் தேட ஆரம்பித்தோம்.

மாடிப்படியில் ஒரு க்யூ

பணம் இருந்தால் வீடு கிடைத்துவிடும் என்று நினைத்தது எங்கள் முதல் தப்பு.

காலை 8 மணிக்கு ஆப்பில் ஒரு வீடு வரும். 9 மணிக்குப் போன் செய்தால் “பார்த்துட்டுப் போயிருக்காங்க, எதுக்கும் வாங்க” என்பார்கள். 10 மணிக்குப் போய் நின்றால், மாடிப்படியில் நமக்கு முன்னால் மூன்று ஜோடிகள் நிற்பார்கள். ஒரு வீட்டில் நான் சமையலறையில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலில் நின்ற இன்னொருவர் அதற்குள் செல்போனில் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். குழாயை மூடிவிட்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் இன்டர்வியூ. காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூவில்கூட எங்களிடம் இத்தனை கேட்கவில்லை. லவ்வா, அரேஞ்சுடா? குழந்தை எப்போ? ஊரிலிருந்து யார் யார் வந்து தங்குவார்கள்? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? சைவமா? கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கேள்வி: “தப்பா நினைக்காதீங்க... நீங்க என்ன ஆளுங்க?”

இதற்கெல்லாம் மேலே, எங்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. நான்தான் அது.

“தம்பி எங்க வேலை?”

“ஐ.டி கம்பெனி சார்.”

முகத்தில் ஒரு மலர்ச்சி. “பாப்பா?”

“பத்திரிகைல ரிப்போர்ட்டர் சார்.”

மலர்ச்சி போய்விடும். சென்னையில் வக்கீல், போலீஸ், பிரஸ் மூன்று பேருக்கும் வீடு கொடுக்கப் பல ஓனர்கள் யோசிப்பார்கள் என்று புரோக்கர் விளக்கினார். “காலி பண்ணச் சொன்னா கேஸு, நியூஸுன்னு போயிடுவாங்களாம் மேடம்” என்றார். நான் டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து தங்கம் விலையும் மழை நிலவரமும் எழுதுகிறவள் என்பதை யார் கேட்கப்போகிறார்கள்?

மூன்று பொய்கள்

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பொய்யைச் சொன்னார். “அவங்களும் ஐ.டி தான் சார், கன்டென்ட் ரைட்டிங்.” எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாவது ஞாயிறு, இரண்டாவது பொய். “நாங்க சுத்த சைவம் மேடம்.” நான் தூத்துக்குடிக்காரி. அம்மா ஒவ்வொரு முறை வரும்போதும் நான்கைந்து பிளாஸ்டிக் கவர் சுற்றி நெத்திலிக் கருவாடு கொண்டுவருவார். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேன். ஆனால், கொஞ்சம் குறைவாக.

பதினோராவது ஞாயிறு, மடிப்பாக்கம். முதல் மாடி, நல்ல வெளிச்சம், துணி காயப்போடத் தனி பால்கனி. வாடகை 17,500. ஓனர் ஓய்வுபெற்றவர், தன்மையாகப் பேசினார். காபி கொடுத்தார். முன்பு இருந்தவர் ஏழு மாத வாடகை தராமல், காலியும் செய்யாமல் இழுத்தடித்த கதையைச் சொன்னார். “பென்ஷன் பத்தலைன்னுதான் வாடகைக்கே விடுறேன் தம்பி. பயமா இருக்கு” என்றார். அவர்மேல் எனக்கு நிஜமாகவே பரிதாபம் வந்தது.

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் கணவர் தன் சாதியைச் சொன்னார். ஓனர் என் பக்கம் திரும்பி, “பாப்பாவும் நம்ம ஆளுங்கதானே?” என்றார்.

“ஆமா சார். சொந்தத்துலதான்.”

ஓனர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அங்கேயே 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்தோம்.

திரும்பி வரும்போது கைவேலி வரை நான் பேசவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, “வீடு கிடைச்சிருக்கு. இப்ப எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?” என்றார்.

“எங்க அப்பா வந்தா என்னடா சொல்வ?”

அவருக்குப் புரியவில்லை. கல்யாணத்துக்கு வராத அப்பா, பொங்கலுக்கு அப்புறம்தான் போனில் பேசவே ஆரம்பித்திருந்தார். “வீடு பார்த்ததும் சொல்லு. நானும் அம்மாவும் வந்து பால் காய்ச்சித் தர்றோம்” என்று அவர் சொன்ன அன்று, ஹாஸ்டல் பாத்ரூமில் நின்று அழுதிருக்கிறேன். அந்த அப்பா மடிப்பாக்கம் வீட்டுக்கு வருவார். கீழே உட்கார்ந்திருக்கும் ஓனர், சம்பந்தி என்ற முறையில் வாய் நிறையப் பேசுவார். அப்பாவிடமும் அதே கேள்வி வரும். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பா, கேட்டா வேற சாதி சொல்லுங்க” என்று நான் சொல்ல வேண்டுமா?

“ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எது இருந்தாலும் பரவாயில்லைன்னு கையெழுத்து போட்டோம். ஒரு பால்கனிக்காக அதை மாத்திச் சொல்லிட்ட” என்றேன்.

“பதினோரு வாரமா அலையுறேன். எனக்கு உன்கூட ஒரே வீட்ல இருக்கணும். அவ்வளவுதான்” என்றார் அவர். கோபத்தில்தான் சொன்னார். ஆனால், அதில் பொய் இல்லை. அதனால்தான் அந்தச் சண்டை இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவரே போன் செய்தார். “ஓனர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். காரணத்தையும் சொல்லிட்டேன்.” ஓனர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றாராம். நாலு நாள் வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததற்கு 3,000 எடுத்துக்கொண்டு 7,000 அனுப்பிவிட்டார். முன்னாடியே சொல்லியிருந்தால் காபி கிடைத்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அதன்பிறகு ஒரு முடிவு செய்தோம். போனிலேயே மூன்றையும் சொல்லிவிடுவது: “நான் பிரஸ், நாங்க அசைவம், கலப்புத் திருமணம்.” பாதிப் பேர் அங்கேயே வைத்துவிட்டார்கள். ஆனால், மிச்சமிருந்த வீடுகளுக்குப் போகும்போது வயிற்றில் புளி கரைக்கவில்லை.

ஆடி கொடுத்த வீடு

பதினான்காவது ஞாயிறு ஆடி பிறந்திருந்தது. ஆடியில் பெரும்பாலானவர்கள் வீடு மாற மாட்டார்கள். அதுவரை பார்த்த மாடிப்படி க்யூ மறைந்துபோயிருந்தது. ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, பால்கனி இல்லை. ஓனர் ரிட்டயர்டு டீச்சர் அம்மா. தனியாக இருக்கிறார்.

“முட்டி வலி எதுவும் இல்லையே? ரெண்டு மாடி ஏறணும்” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. “ஆடியாச்சே, பரவாயில்லையா?” என்பது இரண்டாவது. “பிரஸ்ஸா? என்மேல கேஸ் போட மாட்டியே?” என்பது மூன்றாவது. “வாடகைக்கு ரசீது கொடுத்தீங்கன்னா போட மாட்டேன்மா” என்றேன். சிரித்துவிட்டார். வாடகை 17,000. அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்டார், மூன்று மாதத்துக்கு எவ்வளவோ பேசிப் பார்த்தோம், ஐந்தில் நின்றுவிட்டார். காலி செய்யும்போது பெயின்ட்டிங் காசு பிடிக்க மாட்டேன் என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தார்.

வீடு தேடும் ஜோடிகளுக்கு...

14 ஞாயிறுகளில் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

* அட்வான்ஸ்: தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. நாம் ‘பத்து மாதம்’ என்று கையெழுத்து போட்டுவிட்டால், அப்புறம் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

* ஒப்பந்தம்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் ‘11 மாத அக்ரிமென்ட்’ பழக்கம் வந்தது. ஆனால், இந்தச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. வாடகை எப்போது, எவ்வளவு ஏறும், பெயின்ட்டிங் யார் செலவு, எத்தனை நாள் நோட்டீஸ்... எல்லாம் எழுத்தில் வரட்டும்.

* கரன்ட்: வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, சப்-மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இலவச யூனிட் சலுகை நமக்கு நேரடியாகக் கிடைக்கும். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் சப்-மீட்டருக்கு யூனிட் 10 ரூபாய் சொன்னார்கள்.

* ரசீது, பான் நம்பர்: பழைய வரி முறையில் இருந்துகொண்டு வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்பவர் என்றால், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டும்போது ஓனரின் பான் நம்பரை அலுவலகத்தில் கேட்பார்கள். தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

* மழைத் தண்ணீர்: 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தண்ணீர் புகுந்தது ஊரறிந்த கதை. ஓனரிடமோ புரோக்கரிடமோ கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரிக் கடை அண்ணனிடம் கேளுங்கள். எந்த வாசற்படி வரை வந்தது என்று கையால் காட்டுவார்.

* சாதி: அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சொல்வதா, வேண்டாமா என்பதை இருவரும் மாடிப்படி ஏறுவதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். எங்களைப் போல வண்டியில் வரும்போது பேசாதீர்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடிபோனோம். அப்பாவும் அம்மாவும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையிலேயே வந்து இறங்கினார்கள். இரண்டு மாடி ஏறி வந்த அப்பா, மூச்சு வாங்க வாசலில் நின்றார். “வாங்க மாமா” என்று அவர் கையிலிருந்த பையை என் கணவர் வாங்கிக்கொண்டார். இருவரும் நேரில் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

பால் பொங்கும் நேரத்தில் டீச்சர் அம்மா மேலே வந்தார். “சாருக்கு எந்த ஊரு?” என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது.

“தூத்துக்குடிங்க.”

“அப்படியா? அங்க தண்ணிப் பஞ்சம் எல்லாம் இப்ப எப்படி இருக்கு?” என்று டீச்சர் அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் பேசினார்கள். அந்தக் கேள்வி வரவே இல்லை. அம்மா கொண்டுவந்த கவர்கள் சமையலறை மூலையில் தாராளமாக மணந்துகொண்டிருந்தன.

ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் முகவரியைப் பூர்த்தி செய்துவிட்டோம். கார்டு வந்ததா என்பது அடுத்த வாரம்!