ஐடியா எல்லாம் டீக்கடையில்தான் வருதா? உங்கள் ஆபீஸில் எங்கே சிக்கல்?

திங்கட்கிழமை காலை. மீட்டிங் ரூம். "யாருக்காவது புதுசா ஐடியா இருக்கா? தாராளமா சொல்லுங்க" என்கிறார் மேனேஜர். ஒருவர் லேப்டாப்பையே பார்க்கிறார். இன்னொருவர் பேனா மூடியைத் திருகுகிறார். "ஒண்ணும் இல்ல சார்." மீட்டிங் ஓவர்.

பத்தே நிமிடத்தில் அதே ஆட்கள் எதிர் டீக்கடையில். "அந்த ஃபார்மை ரெண்டா பிரிச்சாலே போதும், கஸ்டமர் பாதியில விட்டுட்டுப் போக மாட்டாங்கடா." "இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே?" "சொன்னா, 'அப்ப நீயே செஞ்சு முடி'ம்பாரு. எதுக்கு வம்பு?"

உங்கள் ஆபீஸிலும் இது நடந்திருக்கும். ஐடியாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அது ஏன் மீட்டிங் ரூமுக்குள் மட்டும் வர மறுக்கிறது?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டு நாம் மணிக்கணக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 மணி நேரமாக்கினார். அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. எத்தனை மணி நேரம் என்று சண்டை போட்டோம். அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அவசரம் தரும் ஹேங்ஓவர்

ஹார்வர்டு பேராசிரியர் தெரசா அமபிலே அதைக் கேட்டார். 177 ஊழியர்களைத் தினமும் டைரி எழுதவைத்து, 9,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை அவரது குழு ஆராய்ந்தது. நேர நெருக்கடி உச்சத்தில் இருந்த நாள்களில், புதிதாக யோசிக்கும் வாய்ப்பு 45 சதவிகிதம் குறைந்திருந்தது. அந்தப் பாதிப்பு அடுத்த இரண்டு நாள்கள் வரை நீடித்தது. வேடிக்கை என்னவென்றால், 'டெட்லைன் வந்தாதான் எனக்கு மூளை வேலை செய்யும்' என்று நினைப்பவர்கள்தான் அதிகம்!

டெட்லைனே கூடாது என்று அர்த்தமல்ல. 'இது ஏன் அவசரம்' என்பது ஊழியருக்குப் புரிந்து, நடுவில் யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால், நெருக்கடியிலும் நல்ல யோசனை வரும். நாலு மீட்டிங், நாற்பது மெசேஜ், எல்லாமே 'அர்ஜென்ட்' என்றால் வராது.

தவறு அதிகம்... ஆனால் நல்ல டீம்!

அடுத்தது, பயம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. காரணம், நல்ல டீம்களில் தவறை மறைக்காமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் பயத்தில் அமுக்கிவிட்டார்கள்.

இதைத்தான் அவர் பிறகு 'உளவியல் பாதுகாப்பு' என்று விளக்கினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பதல்ல அது. 'எனக்குத் தெரியல', 'இது தப்பா போகும்னு தோணுது' என்று சொன்னால் அசிங்கப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை. ஐடியா சொல்வதும் ஒரு ரிஸ்க்தானே? தவறைச் சொல்ல பயப்படுகிறவர், ஐடியாவை மட்டும் எப்படித் தைரியமாகச் சொல்வார்?

மேனேஜர்கள் கோட்டைவிட்ட விஷயம்

போனஸ், விருது கொடுத்தால் உற்சாகம் தானாக வரும் என்று பல மேனேஜர்கள் நினைக்கிறார்கள். டைரிகள் வேறு கதை சொல்லின. அர்த்தமுள்ள ஒரு வேலையில் இன்றைக்கு ஓர் அடியாவது முன்னே போனோம் என்ற உணர்வுதான் ஊழியர்களைப் பெரிதும் உந்தியது. ஆனால், எது ஊழியர்களை உற்சாகப்படுத்தும் என்று 669 மேலாளர்களிடம் கேட்டபோது, இதற்குத்தான் கடைசி இடம் கொடுத்தார்கள்!

நீங்கள் என்ன செய்யலாம்?

* நீங்கள் மேனேஜரா? மீட்டிங்கில் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் முதலில் வாய் திறந்தால், மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.
* ஐடியா சொன்னவர் தலையிலேயே மொத்த வேலையையும் கட்டாதீர்கள். அது பரிசல்ல, தண்டனை.
* யோசனை வேண்டாமென்றால் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதிலே வராத இடத்தில் யாரும் இரண்டாவது முறை பேச மாட்டார்கள்.
* நீங்கள் ஊழியரா? பக்கத்து சீட்காரர் தயங்கித் தயங்கிப் பேசும்போது, "அவர் சொல்றதுல பாயின்ட் இருக்கு சார்" என்று ஒரு வார்த்தை சேருங்கள். அதற்குப் பதவி தேவையில்லை.

கடைசியாக மேனேஜர்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். அடுத்த மீட்டிங் முடிந்ததும் நீங்களும் அந்த டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் போனதும் பேச்சு நின்றுவிட்டால், ஐடியா ஏன் உள்ளே வரவில்லை என்பதற்கான பதில் அங்கேயே கிடைத்துவிடும்.