பின்னுக்கு இழுத்த டைமிங்

சிலாபத்திலிருந்து கற்பிட்டிவரை பழைய மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்திருக்கிறேன், வயதுபோன எஞ்சின், பாவம்" என்பார். கராஜ் பாஸ்மாரும் அதையே சொல்வார்கள். அந்த இரக்கம்தான் எஞ்சினைக் கொல்கிறது.

டைமிங் என்பது தீப்பொறி பறக்கும் நேரம். பொறி முந்தினால் தட்டுச் சத்தம் வரும், பிஸ்டன் ஓட்டையாகும், கேஸ்கட் போகும் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் முந்திய பொறி சத்தம் போட்டு எச்சரிக்கும். பிந்தியது வாயே திறக்காது. பிஸ்டன் கீழிறங்கிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும் வாயு, வெளியேற்று வால்வைச் சுட்டபடி போகும். இழுவை குறைவதால் நாமும் பெடலை இன்னும் அழுத்துவோம். தண்ணீர் கொதித்தால் ரேடியேட்டரைக் கழுவுகிறோம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறோம். டைமிங்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. பழைய வார்ப்பிரும்பு வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். காப்புப் போன சீட்டில் மேலும் வெப்பத்தைக் கொட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

"இப்போதைய பெற்றோல் சரியில்லை" என்பது அடுத்த வாதம். உலகப்போர் முடிந்து 1953வரை பிரித்தானியாவில் கிடைத்த பெற்றோல் ஏறக்குறைய 70 ஒக்டேன்தான். 1948இல் வெளிவந்த மைனர் அதைக் குடித்தே ஓடியது. நம் பெற்றோல் செட்டில் குறைந்ததே 92. தட்டுச் சத்தம் பெரும்பாலும் பாரம் இழுக்கும்போதும் ஏற்றத்திலும்தான் வரும். ஏற்றமே இல்லாத இந்தக் கரையில் என்ன பயம்?

நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். கலவை எரிய 2 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் அது 36 பாகை. அதனால்தான் வேகம் கூடக்கூடப் பொறியை முன்னே தள்ளுவதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் கடல் என்றிருக்கும் கற்பிட்டியின் உப்புக்காற்றில் அந்த எடைகள் துருவேறி இறுகிவிடும். அதே டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பொயின்டின் குதி தேயத்தேய இடைவெளி சுருங்கி, பொறி தானாகவே பிந்தும். ஏற்கெனவே பிந்திக் கிடப்பதைத்தான் நாம் மேலும் பின்னுக்கு இழுக்கிறோம்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பமுன் மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுழலும் திசையில் விரலால் திருகி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் எடைகளைத் துடைத்து எண்ணெய் விட்டு, பொயின்ட் இடைவெளியைச் சரிசெய்து, வண்டியின் கைநூல் சொல்லும் பாகைக்கே டைமிங்கை வையுங்கள். அதன்பிறகும் தட்டினால், ஓரிரு பாகை குறைப்பதைப் பற்றிப் பேசலாம்.