கடன் யாருக்கு?

பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் பழைய மாணவர்களிடம் நிதி கேட்பவர்கள், 'படித்த இடத்துக்குக் கைமாறு' என்கிறார்கள். பாதிதான் சரி. இலவசக் கல்விக்கு வரி கட்டினது சனம். நடுங்கிற கையோட முதல் பல்லுப் பிடுங்கிப் பழகினதும் அரச ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழைச் சனத்தின்ர வாயிலதான். கடன் அவர்களுக்கு.

பிறகேன் இராப்போசனமும் பெயர் பொறித்த பலகையும்? 1990களிலேயே ஜப்பான் உதவியோடு பெரிய கட்டடம் வந்துவிட்டது. நாங்கள் கேட்பது வேறு. பழுதான பல் நாற்காலிகளைத் திருத்துங்கோ. வெற்றிலை, புகையிலை போடுற தோட்டத் தொழிலாளரின் வாய்ப் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்க லயன்களுக்குப் போங்கோ. சேர்த்த காசின் கணக்கை எல்லாரும் பார்க்கப் போடுங்கோ.

நன்கொடை வருகுது என்று அரசு தன் பங்கைக் குறைத்தால், அதையும் எதிர்ப்போம்.