புல்லுக்கு அடங்கிய மணல்

மணல் என்றவுடன் பயனற்ற நிலம் என்று எண்ணுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஐக்கிய அமெரிக்காவின் நடுவிலுள்ள நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்று நாட்டை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீற்றர் பரப்பு; இலங்கையின் முக்காற்பங்கு. குன்றுகளுட் சில 100 மீற்றருக்கு மேல் உயர்ந்தவை. அத்தனையும் காற்றுக் குவித்த மணல். மேலேயோ கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல்.

மழை அங்கே மேற்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 430 மில்லிமீற்றர், கிழக்கில் 580. குளிர்காலம் கடுமையானது, பயிர் வளரும் காலம் குறுகியது, மண்ணில் உக்கலும் மிகச் சொற்பம். இந்நிலையிற் புல் எவ்வாறு செழிக்கின்றது?

விடை மணலிலேயே இருக்கின்றது. களிமண்ணில் விழும் மழையில் ஒரு பகுதி வழிந்தோடிவிடும். மேலே தங்குவதில் ஒரு பகுதியை வெயில் குடித்துவிடும். மணலில் விழுந்த துளியோ உடனே கீழிறங்கிவிடுகின்றது. பின்னர் மேல்மணல் விரைவில் உலர்ந்து, ஒரு மூடிபோல அமைந்து, அடியிலுள்ள ஈரத்தைக் காக்கின்றது. மழை மிகுந்த நாடுகளிலே, சத்தையெல்லாம் நீர் கரைத்துச் செல்ல விடுகின்றதென்று நாம் குறை கூறும் அதே மணல், மழை குறைந்த நாட்டிலே வேர் ஆழ்ந்த செடிக்குத் துணையாகிவிடுகின்றது. வேருக்கும் எட்டாது இறங்கும் நீர் ஒகலாலா என்னும் பெரும் நிலத்தடி நீர்த்தேக்கத்தைச் சேர்கின்றது. குன்றுகளின் இடையே பள்ளம் அந்நீர்மட்டத்தைத் தொடுமிடங்களில் ஏரிகளும் ஈரப் புல்வெளிகளும் தோன்றுகின்றன. மாடுகளின் குளிர்கால உணவுக்கான வைக்கோற்புல்லை அங்கேதான் அறுக்கின்றனர்.

குன்றுகளில் வளரும் புற்களுள் 'சாண்ட் புளூஸ்ரெம்' எனப்படும் உயர்ந்த புல் முதன்மையானது. அதன் நிலக்கீழ்த் தண்டுகள் மணலுக்குள்ளே படர்ந்து அதனைப் பின்னிப் பிடிக்கின்றன. காற்று மேலும் மணலைக் கொட்டினால், புதையுண்ட இடத்திலிருந்தே புதிய தளிர் எழும். நம் கரையோரத்து அடம்பன் கொடியை அறிந்த மாணவர்க்கு இது வியப்பாகாது. இவற்றுடன் கொத்தாக வளரும் புற்களும், ஆழ்ந்த ஆணிவேருடைய யக்காவும் கலந்து நிற்கின்றன.

இந்தக் கட்டு அறுந்தால் வருவது என்ன? 1904ஆம் ஆண்டு கின்கெயிட் சட்டம் அப்பகுதியிற் குடியேறுவோருக்கு 640 ஏக்கர் நிலம் வழங்கியது. முன்னைய சட்டம் கொடுத்தது 160 ஏக்கரே. ஆகவே வந்தவர்கள் பலர். அவருட் பலர் புல்லைப் புரட்டி உழுதனர். உழுத மணலைக் காற்று அள்ளிற்று; விளைவு ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்தது. நிலம் மெல்ல மெல்ல மாட்டுப் பண்ணையாளர் கைக்குப் போயிற்று. ஏக்கரின் தொகையைக் கூட்டிய சட்டசபையினர் மண்ணின் இயல்பைக் கேட்டறியவில்லை என்பதே நம் கருத்து.

புல் நீங்கிய இடத்தைக் காற்றுக் குடைந்து பெருங்குழியாக்கிவிடும். மாடுகள் ஒரே தடத்தில் மிதித்தாலும் போதும். அங்கே ஒரு குடைவு தொடங்கிவிடும். ஆதலாற் பண்ணையாளர் மந்தையை இடம் மாற்றி மாற்றி மேய்க்கின்றனர். குடைவுகளுக்கு வேலியிட்டு ஓய்வு கொடுக்கின்றனர். பழைய டயர்களைக்கூடப் பரப்பி மணலை அடக்க முயன்றிருக்கின்றனர். புல்வெளித் தீயும் அணைக்கப்பட்டது. குடைவுகள் பெரும்பாலும் ஆறின.

இங்கேதான் ஒரு சிக்கல். குடைவுகளிலன்றி வேறெங்கும் நிலைக்க மாட்டாத ஒரு செடி அந்நாட்டில் உண்டு. மங்கிய நீலமும் ஊதாவும் கலந்த, நறுமணம் வீசும் மலர்களை உடைய பென்ஸ்ரெமன் வகை அது. அசையும் மணலிலே முதலிற் காலூன்றுவது அதன் இயல்பு. புற்கள் நெருங்கி வந்தால் அழிந்துவிடும். 1940ஆம் ஆண்டளவில் அது உலகிலிருந்தே மறைந்ததென்று கருதப்பட்டது. 1968இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1987இல் அழியும் அபாயத்திலுள்ள இனமாக அமெரிக்க அரசு அதனை அறிவித்தது.

பின்னர் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தார் நாற்றுமேடையில் அதனை வளர்த்துக் குன்றுகளிற் கொண்டுபோய் நட்டனர். நடுவதற்கு அவர்கள் தேடிச் சென்றவை, பண்ணையாளர் மூடிவிட முயன்றுகொண்டிருந்த அதே மணற்குழிகளாம்.